நிழலோடு நகரும் பந்தி

போர் முடிந்த மறு வருஷம், வைகாசி மாதத்தில், நானும் என் சிநேகிதன் காதரும் சேலத்திலிருந்து மல்லசமுத்திரத்துக்கு அப்பால் இருக்கும் பாறைக் கடைக்குப் போய் வந்தோம். திருச்செங்கோட்டுத் தேர் பார்க்கப் போகவில்லை, வியாபார விஷயமாகப் போகவில்லை, பெண் பார்க்கவும் போகவில்லை. சாப்பிடப் போனோம். இருபது மைல் போய்ச் சாப்பிட்டுவிட்டு இருபது மைல் திரும்பி வருகிறவனைச் சேலத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். அந்தக் கடையைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

காதர் குடும்பத்துக்குச் சேலம் கோட்டைப் பக்கம் ஜவுளிக் கடை. எங்களுக்குக் குகை என்கிற பேட்டையில் நூல் கடை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. போருக்கு முன்னால் பினாங்கில் இருந்த மாமா கடையைப் பார்த்துக் கொள்ளப் போன காதர், ஜப்பான்காரன் வந்ததும் அங்கேயே மாட்டிக் கொண்டான். இருக்கிறானா இல்லையா என்றுகூட வருஷக் கணக்கில் தெரியவில்லை. பங்குனியில் ஒரு நாள் எங்கள் கடை வாசலில் வந்து நின்றான். சட்டை மட்டும் வந்து நிற்பது போல இருந்தது. ஆள் அதற்குள் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது.

அவன் அம்மா பிரியாணி செய்து போட்டார்கள். இரண்டு பிடி சாப்பிட்டான். நெய்ச்சோறு, தால்சா, என்ன வைத்தாலும் இரண்டு பிடிதான். மரவள்ளிக் குச்சிக்கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வான். பினாங்கில் அந்தப் பஞ்ச காலத்தில் மூன்று வேளையும் அதுதானாம். அவன் போதாத காலம், சேலத்தில் அப்போது எங்கே பார்த்தாலும் கிழங்கை அரைத்து மாவாக்கி ரோட்டோரத்தில் காய வைத்திருந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக் கொண்டு வானத்தைப் பார்த்தபடி நடப்பான்.

"உனக்கு என்னதாண்டா வேணும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாறைச் சோறு வேணும் மாப்ளே" என்றான். "அங்க பசியோட படுத்தா பிரியாணி நெனப்பு வராது. ராமாயக்கா கொள்ளுப் பருப்புதான் வரும். நகருங்க சாமி, நகருங்கன்னு அவங்க சத்தம் போடுறது காதுல கேக்கும். கேட்டுக்கிட்டே தூங்கிருவேன்."

அந்தச் சத்தம் என்ன என்று சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை விளங்காது. ஆகவே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நாங்கள் முதன்முதலில் பாறைக் கடைக்குப் போனது தற்செயலாக. இருவருக்கும் மீசை அரும்பிய வயது. வாடகை சைக்கிளில் திருச்செங்கோட்டு மலை ஏறப் புறப்பட்டோம். மல்லசமுத்திரம் தாண்டி மூன்றாவது மைலில் காதர் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. தள்ளிக் கொண்டு வந்தோம். சாலைக்கு வலது பக்கம், கடலைக் காட்டுக்கு நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒற்றைப் பாறை. அதன் உச்சியிலிருந்து புகை வந்தது, யாரோ ஒரு பெரிய மனிதர் சுருட்டுப் பிடிப்பது போல. கூடவே கொள்ளு வேகிற வாசனை. பசியில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். காதருக்கும் அதே வாசனை வந்ததால் தைரியமாகக் கிட்டே போனோம்.

கடை என்றதும் நீங்கள் கதவையும் கல்லாப் பெட்டியையும் தேடுவீர்கள். அங்கே இரண்டும் இல்லை. பாறையின் கிழக்கு முகத்தில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு குடைவு. அதுதான் அடுப்படி. அதன் மேல்பக்கம் பாறையில் இயற்கையாகவே ஒரு வெடிப்பு இருந்தது. அடுப்புப் புகை அந்த வெடிப்பில் ஏறி உச்சியில் வெளியே போய்விடும். சமைக்கிறவர் கண்ணில் ஒரு பொட்டுப் புகை படாது. பாறை இடுக்கில் முளைத்த இச்சி மரம் தன் வேர்களைத் தரை வரைக்கும் இறக்கியிருந்தது. அந்த வேர்கள்தான் தூண், அலமாரி, கொடிக் கம்பி எல்லாம். செம்பும் கரண்டியும் மோர்ச்சட்டி உறியும் அதில் தொங்கும். பாறைத் தரையில் இருந்த ஒரு குழியில் துவையல் அரைப்பார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு பெரிய குழி, சுனை. அந்தத் தண்ணீர் மண்பானைத் தண்ணீரைவிடச் சில்லென்று இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கை கழுவும் இடம். பாறை அங்கே தானாகச் சரிந்து, ஒரு விரல் அகல வரியாக ஓடி, கீழே ஒரு வாழைக் கூட்டத்தில் போய் முடியும். நாம் கை கழுவிய தண்ணீரில் வளர்கிற வாழையின் இலையில்தான் அடுத்த மாதம் இன்னொருவர் சாப்பிடுவார். இதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. தண்ணீர் போகிற இடத்தில் வாழை வைத்தார்கள், அவ்வளவுதான்.

கடைக்காரர் செங்கோடன். முன்பு கடலை மூட்டை ஏற்றிச் சேலம் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். அவர் மனைவி ராமாயி. மாடு இளைப்பாற அந்தப் பாறையடியில் வண்டியை அவிழ்க்கும்போது ராமாயி சோறாக்குவார். மற்ற வண்டிக்காரர்கள் எங்களுக்கும் ஒரு பிடி கொடுங்கள் என்று கேட்கப் போய், அது கடையாகிவிட்டது. பாறையைக் கொஞ்சம் குடைந்து பெரிதாக்கலாமே என்று காதர் அன்றைக்கே யோசனை சொன்னான்.

"உளியே வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டா இவ" என்றார் செங்கோடன். "உளி வெச்சா வெடிப்பு உடுமாம். வெடிப்பு உட்டா அவ தலையில உழுகுமாம். அவ தலைதானுங்களே எனக்குச் சோறு போடுது, அதனால உட்டுட்டேன்."

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். பாறைக் கடையில் சாப்பாட்டுக் கூடம் கிடையாது. பாறையின் நிழல்தான் கூடம். காலையில் நிழல் மேற்கே விழும், பந்தி மேற்கே. சாயங்காலம் கிழக்கே விழும், பந்தி கிழக்கே. நிழல் ஓர் இடத்தில் நிற்காது என்பதால் பந்தியும் நிற்காது. இலையைத் தரையில் போடாமல் பனையோலையில் முடைந்த தட்டு ஒன்றின் மேல் போடுவார்கள். நாம் பாட்டுக்குச் சாப்பிட்டுக் கொண்டிருப்போம். வெயில் வரிசையின் ஒரு முனையைத் தொட்டதும் ராமாயக்கா கரண்டியால் பாறையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒட்டுக்கா நகருங்க சாமி, நகருங்க!" என்று குரல் கொடுப்பார். ஒட்டுக்கா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து என்று அர்த்தம். மொத்த வரிசையும் தட்டைத் தூக்கிக் கொண்டு ஓர் ஆள் இடம் நகரும். வெயில் பட்ட முனையில் இருப்பவர் எழுந்து அடுத்த முனைக்குப் போவார். உட்காரும்போது பக்கத்தில் இருந்தவர் வேறு, கை கழுவப் போகும்போது பக்கத்தில் இருந்தவர் வேறு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்குச் சிறுவர்கள் கேட்கலாம். அந்தக் காலத்துச் சேலம் காபி கிளப்புகளில் சிலருக்கு உள்ளே தனி அறை, சிலருக்கு முன் கூடம், காதர் போன்றவர்களுக்கு வாசலோடு சரி. நானும் டம்ளரை எடுத்துக் கொண்டு தெருவுக்கு வந்து அவனோடு நின்று குடிப்பேன். எங்கள் வீட்டில் அவனுக்குக் கொல்லையில்தான் இலை. அவன் வீட்டில் நான் சாப்பிட்டது என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் கொல்லையில்தான் இலை. பள்ளிக்கூட பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாங்கள், நாலு பேர் நடுவே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தப் பாறையில்தான் முதல் தடவை. அங்கே யார் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்து கொள்வதற்குள் நிழல் நகர்ந்துவிடும். அதன் பிறகு அவன் கப்பல் ஏறும் வரை வருஷம் தவறாமல் போனோம்.

சரி, நடந்த கதைக்கு வருவோம். காதர் கேட்டபோது உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், மாசி மாதம் எடப்பாடியிலிருந்து நூல் எடுக்க வந்த ஒருவர் சொன்ன சேதி.

"பாறைக் கடையில இப்பச் செவுரு வெச்சுட்டாங்களே, தெரியாதுங்களா? பெரிய மனுசங்களுக்குத் தனி எடமுங்க. பஸ்ஸு அங்க நிக்குது பாருங்க, அதனால."

இதைக் காதரிடம் சொல்ல எனக்கு மனசு இல்லை. வருஷக் கணக்கில் பட்டினியோடு படுத்தவன் நினைத்துக் கொண்டு தூங்கிய இடம் அது. போகாமல் இருந்தால் கேட்டுக் கொண்டே இருப்பான். போனால் பார்த்துவிடுவான். வழியில் ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு நிறைய வாங்கிக் கொடுத்து வயிற்றை நிரப்பி, அப்படியே திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு அசட்டு யோசனை வைத்திருந்தேன்.

பஸ் சேலத்தில் காலை ஒன்பது மணிக்கு என்றார்கள். புறப்படும்போது ஒன்பதரை. டிக்கெட் ஆளுக்குப் பத்தணா. பெட்ரோல் கட்டுப்பாடு இன்னும் தீராததால் கரி கேஸ் பஸ். வண்டியின் பின்னால் ஓர் ஆள் உயர இரும்புக் கொப்பரை. அதில் கரி போட்டு, கண்டக்டர் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால், வண்டிக்கு மனசு இருந்தால் கிளம்பும். பின் சீட்டில் உட்காராதீர்கள். இறங்கும்போது உங்கள் வீட்டாருக்கே உங்களை அடையாளம் தெரியாது.

கொண்டலாம்பட்டி தாண்டி ஒரு சின்ன ஏற்றம். அதற்கே வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஜரிகை வேட்டி கட்டிய வக்கீல் குமாஸ்தா ஒருவரும் அவருடைய கூட்டாளிகள் நாலு பேரும் மட்டும் இறங்கி நின்று, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று யோசனை சொன்னார்கள்.

ஆட்டையாம்பட்டிக்கு வரும்போது பத்தரை தாண்டிவிட்டது. சேலத்திலிருந்து பன்னிரண்டு மைல். முறுக்கு அங்கே வாங்கலாம், நம்பி வாங்கலாம். நான் ஒரு கூடை வாங்கினேன். காதர் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக் கொண்டான்.

"வயித்த வீணாக்காத மாப்ளே. இன்னும் எட்டு மைல்தான்" என்றான்.

என் யோசனை அங்கேயே நொறுங்கியது. மல்லசமுத்திரத்தில் நிற்கும்போது டிரைவரே மிச்சத்தையும் போட்டு உடைத்தார்.

"அடுத்தாப்புல பாறையில ஒரு மணி நேரம் நிக்குமுங்க. சாம்பல் தட்டோணும், கரி போடோணும். சாப்புடறவங்க சாப்புட்டுக்கலாம். பெரியவங்களுக்குச் செவுத்துக்கு அக்கட்டால தனி எடம் இருக்குதுங்க. பாய், நீங்க இக்கட்டால உக்காந்துக்கலாம்."

காதர் என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முன்பே தெரியும் என்பதையும் புரிந்து கொண்டான். அதன் பிறகு மூன்று மைலும் மடியில் இருந்த முறுக்கைச் சிறிது சிறிதாக ஒடித்துக் கொண்டே வந்தான், வாயில் போடவில்லை.

பாறைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. பாறை அப்படியே இருந்தது. சுருட்டுப் புகையும் இருந்தது. ஆனால் வடக்குப் பக்கத்தில் பாறையோடு ஒட்டி மூன்று பக்கமும் சுண்ணாம்பு அடித்த சுவர், ஆள் உயரத்துக்கு. நடுவில் ஒரு வழி. பக்கத்தில் கடலைக் காட்டில் ஒரு கீற்றுப் பந்தல் தலைகீழாக விழுந்து கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அடித்த கோடைக் காற்று தூக்கிப் போட்டதாம்.

குமாஸ்தா கூட்டம் இறங்கி நேராகச் சுவருக்குள் போனது. மற்றவர்கள் தெற்குப் பக்கம் போனார்கள். காதர் இறங்கவில்லை.

"நீ போய்ச் சாப்பிட்டு வா. நான் பஸ்ஸிலேயே இருக்கேன்."

"நாம ரெண்டு பேரும் தெக்கால உக்காந்துக்கலாம்டா. அவங்க எங்க உக்காந்தா நமக்கென்ன?" என்றேன்.

"தெக்கால உன்னோட உக்காரலாம்தான். நான் அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றான். "செவுத்துக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு வந்துட்டா, இந்தப் பக்கமும் பழைய கடை இல்லப்பா."

பஸ் படியில் உட்கார்ந்து கொண்டேன். அவன் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? கொள்ளு வாசனை வேறு காற்றில் வந்து கொல்லாமல் கொன்றது.

செங்கோடன் ஒரு செம்பு மோரோடு பஸ்ஸுக்கு ஓடி வந்தார். தலை நரைத்திருந்தது. "காதர் தம்பிங்களா! பொழச்சு வந்துட்டீங்களா சாமி!" என்று ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக் கொண்டார். "எறங்கி வாங்க. ராமாயி உங்களைப் பாத்தா அழுதுபோடுவா."

"இல்லண்ணே, வயிறு சரியில்ல."

செங்கோடன் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செம்பைப் பார்த்தார். "நாந்தான் வெச்சேன் தம்பி" என்றார். "தனி எடம் இல்லீன்னா பஸ்ஸு இங்க நிக்காதுன்னு முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிப்போட்டாருங்க. வண்டிக்காரங்களும் கொறஞ்சு போயிட்டாங்க. ராமாயி அன்னைக்கிருந்து செவுத்துக்குள்ள காலு வெக்கறதில்லீங்க. அங்க நான்தான் பரிமாறணும்."

"தெரியுதுண்ணே. வெயில்ல நிக்காதீங்க, போங்க" என்றான் காதர். மோரை வாங்கி மடியில் வைத்துக் கொண்டான். குடிக்கவில்லை. உள்ளேயிருந்து சாம்பார் எங்கே என்று அதட்டல் கேட்டதும் செங்கோடன் ஓடினார்.

இந்த இடத்தில் செங்கோடன் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சுவர் எழுப்பியது தை மாதம். நல்ல காரியம் தையில்தானே செய்வோம். தையில் உச்சி வேளையில் பாறையின் நிழல் வடக்கே நீளமாக விழும். பெரிய மனிதர்களுக்கு நல்ல நிழலாகக் கொடுப்போம் என்று வடக்கே கட்டிவிட்டார். காலை நிழலும் மாலை நிழலும் அவருக்கு அத்துப்படி. உச்சி நிழல்தான் தெரியாது. ஏனென்றால் பஸ் வருவதற்கு முன்னால் உச்சி வேளையில் அங்கே யாரும் சாப்பிட்டதில்லை. வண்டிக்காரர்கள் வண்டிக்கு அடியில் தூங்குவார்கள், செங்கோடனும் தூங்குவார். சித்திரை முழுக்க மேலே பந்தல் இருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. அன்று பந்தல் இல்லை. பாறை நிழலே போதும், தையில் அப்படித்தான் இருந்தது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். வைகாசியில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும். நிழல் முழுக்கத் தெற்கே.

முதலில் சுவருக்கு மேலே ஒரு குடை விரிந்தது. பிறகு இன்னொன்று. "என்னய்யா இது, பணியாரச் சட்டியா?" என்று ஒரு குரல். ஒரு பக்கம் கொதிக்கிற பாறை, மூன்று பக்கம் காற்றை மறிக்கிற சுவர். மேலே சூரியன். வெள்ளைச் சுண்ணாம்பில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியிருக்கும். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பசியோ சேலத்திலிருந்து கொண்டு வந்த பசி.

அப்போது தெற்கே ராமாயக்கா வழக்கம் போல ஒரு தட்டுத் தட்டினார். "ஒட்டுக்கா நகருங்க சாமி, நகருங்க!"

அவர் தெற்கு வரிசைக்குத்தான் சொன்னார். ஆனால் சத்தத்துக்குச் சுவர் ஏது? வடக்கே இருந்தவர்கள் அதைத் தங்களுக்கு வந்த உத்தரவாகவே எடுத்துக் கொண்டார்கள். சுவர் வழியில் முதலில் குமாஸ்தா வெளிப்பட்டார். இரண்டு கையிலும் பனையோலைத் தட்டு, அதில் இலை, இலையில் சாம்பார்ச் சோறு. பின்னால் அதே மாதிரி நாலு பேர். செருப்பு சுவருக்கு வெளியே மறுகோடியில் கிடந்தது. சுட்ட பாறையில் வெறுங்காலோடு, சாம்பார் சிந்தாமல், ஜரிகை வேட்டி தடுக்காமல், "ஐயோ, அப்பா, ஐயோ, அப்பா" என்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பாறையைச் சுற்றிக் கொண்டு தெற்கே வந்தார்கள்.

"என்னுங்க எல்லாரும் பாத்துட்டு இருக்கறீங்க? பெரியவிய வாராங்க, நகருங்க சாமி!" என்றார் ராமாயக்கா. வண்டிக்காரர்களும் கடலைக் காட்டு ஆட்களும் பஸ் பயணிகளும் பழக்க தோஷத்தில் தட்டைத் தூக்கிக் கொண்டு நகர்ந்தார்கள். ஐந்து பேரும் வரிசைக் கடைசியில் தொப்பென்று உட்கார்ந்தார்கள், குமாஸ்தா எல்லோருக்கும் கடைசியில்.

எனக்குப் பின்னால் பஸ்ஸுக்குள் ஒரு சத்தம். காதர் அழுகிறானோ என்று பயந்து திரும்பினேன். சிரித்துக் கொண்டிருந்தான். ஊர் திரும்பியதிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக் கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மோர்ச் செம்பு ஆட ஆடச் சிரித்தான். பிறகு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான்.

"எந்திரி மாப்ளே. எடம் போயிரும்."

இடம் இருந்தது வரிசையின் கடைக்கோடியில், குமாஸ்தாவுக்குப் பக்கத்தில்தான். காதர் போய் உட்கார்ந்தான். அவனுக்கு அடுத்து நான். இரண்டு பேருக்கும் பாதி முதுகு வெயிலில். குமாஸ்தா காதரைப் பார்த்தார். அவன் தொப்பியைப் பார்த்தார். சுவர் இருந்த திசையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் தன் இலையைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இப்படி நெருங்கி உக்காருங்க தம்பி" என்றார் குமாஸ்தா. "முதுகுல வெயில் அடிக்குது பாருங்க."

காதர் நெருங்கி உட்கார்ந்தான். ராமாயக்கா வந்து அவன் தலையில் கை வைத்துவிட்டு, கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் வைத்தார். பிறகு தட்டைப்பயற்றுக் குழம்பு, கடலைத் துவையல், மோர். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். இடையில் இரண்டு தடவை எல்லோரும் நகர்ந்தோம். கை கழுவப் போனவன் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் வாழைக்குப் போகிற வரியில் தண்ணீரை ஊற்றிக் கொண்டு, முகத்தையும் சேர்த்துக் கழுவிக் கொண்டிருந்தான்.

"வாழைக்கு இது போதும், வாடா" என்றேன். அவன் அழுதிருந்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சேலத்திலிருந்து பாறை இருபது மைல், பஸ் கட்டணம் இப்போதும் பத்தணாதான். சாப்பாடு நாலணா. தட்டுப்பாட்டுக் காலமாகையால் அரிசிச் சோறும் சாம்பாரும் எல்லா நாளும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் கம்பஞ்சோற்றையே கேளுங்கள். மல்லசமுத்திரத்தில் சொல்லி வைத்தால் டிரைவர் நிறுத்துவார். நீங்கள் சொல்லாவிட்டாலும் வண்டி தானாக நிற்கும், அதற்கும் தண்ணீர் வேண்டுமே. சுற்று வட்டாரத்தில் வேறு சுனை கிடையாது. இதைப் பஸ் முதலாளியின் ஆளிடம் செங்கோடன் சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லையாம். தையில் போனால் வடக்கே உட்காருங்கள், வைகாசியில் தெற்கே. பந்தலை மறுபடி கட்ட ராமாயக்கா விடவில்லை. சுவர் இன்னும் நிற்கிறது. "இடிக்கறதுக்கு எங்கீங்க நேரம்?" என்கிறார் செங்கோடன். அதற்குள் இப்போது ஆடு கட்டுகிறார், வெயில் ஏறியதும் அதையும் அவிழ்த்துத் தெற்கே கொண்டு வந்துவிடுகிறார். பனையோலைத் தட்டைத் தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குங்கள், குழம்பு சிந்தும்.

காதர் மறு வருஷமே பினாங்குக்குத் திரும்பிப் போய்விட்டான். மாமா கடையை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. உடம்பு தேறித்தான் போனான், சட்டைக்குள் ஆள் இருந்தான். வைகாசியில் நான் மட்டும் பஸ் ஏறிப் பாறைக்குப் போகிறேன். உட்காரும்போது பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்காருகிறேன், பைத்தியக்காரத்தனம்தான். அது யார் இடம் என்று ராமாயக்காவுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து முனையைத் தொடும். அவர் பாறையில் ஒரு தட்டுத் தட்டுவார். எல்லோரும் நகர்வோம். முகம் தெரியாத யாராவது ஒருவர் தட்டைத் தூக்கிக் கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். முதுகில் வெயில் அடிக்கிறது, இன்னும் கொஞ்சம் இப்படி நெருங்கி உட்காருங்கள் என்று அவரிடம் சொல்கிறேன்.